நாலு பேர் கணக்கு

(கங்கைகொண்ட சோழபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்காக நான் கேட்டு வாங்கியவை மூன்று: ஒரு சதுரங்கப் பலகை, ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை, ஒரு கைப்பிடிச் சோழி. மேசைமேல் இருக்கின்றன. சற்று நேரத்தில் அவற்றிடம் வருகிறேன். அதற்கு முன் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம்.

கங்கைவரை படை அனுப்பி வென்ற ராஜேந்திரன், 1025 வாக்கில் இங்கே தலைநகரம் அமைத்தான். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். இன்று கோயில் நிற்கிறது. சோழகங்கம் என்ற பொன்னேரியின் கரை நிற்கிறது. மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் சுவர்கள் இருக்கின்றன. 1836இல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல்லைப் பெயர்த்தவர்களால் ஊர்ப்பெயரைப் பெயர்க்க முடியவில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், வாணதிரையன்குப்பம், சுண்ணாம்புக்குழி. மெய்க்காவலர் இருந்த இடம், படைக்கலம் இருந்த இடம், சுண்ணாம்பு அரைத்த இடம் என்று நம் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதைத் தொழிலும் அரசும் வகுத்த நகரம் இது. அந்த வகுப்பு இன்னும் நம் வழித்தடப் பேருந்தின் பெயர்ப்பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், ராஜராஜன் அந்தக் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு வெட்டியிருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி கட்ட வேண்டாத நிலத்தைக் கழித்தால் மிச்சம் இவ்வளவு, அதற்கு நெல் இவ்வளவு என்று போகிறது கணக்கு. கழிக்கும் நிலங்களின் பட்டியலைக் கேளுங்கள்: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு. சில ஊர்களில் ஈழச்சேரியும் வண்ணாரச்சேரியும் வருகின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அந்தச் சுவரில் இருக்கிறது. நம் கோயிலிலும் வீரராசேந்திரன் காலத்தில், 1068 வாக்கில் வெட்டிய நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. அதுவும் கோயிலுக்கு விட்ட ஊர்களின் வருவாய்க் கணக்குதான். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா இந்த இரண்டு கோயில்களின் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். சோழர் கால ஊர் எப்படி இருந்தது என்று நாம் இன்று பேசுவதில் பெரும்பகுதி அந்த உழைப்பின் பயன்.

அந்தப் பட்டியலை எழுதியவர் புரட்சிக்காரரும் இல்லை, கொடியவரும் இல்லை. ஒரு வரிக்கணக்கர். யாரையும் இழிவுபடுத்த அவர் உளியைத் தூக்கவில்லை, யாருக்காகவும் வருந்தவும் இல்லை. வாய்க்காலை எப்படிக் கழித்தாரோ அப்படியே சேரியையும் கழித்தார். வாய்க்கால் போலவே அதுவும் நிலத்தின் இயல்பு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. செத்தவர்களுக்கும் இரண்டு இடம் என்பது அவர் கணக்கில் இரண்டு வரி. என்னை உலுக்குவது இந்த நிதானம். ஓர் ஏற்பாடு எல்லோருக்கும் பழகிவிட்டால் அதற்குக் காவல்காரன் வேண்டாம், கணக்கர் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று சேரி என்ற சொல் தாழ்ந்த சொல் இல்லை. அந்தணருக்குத் தானமாக விட்ட பிரமதேய ஊர்களில் அவர்கள் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர். தஞ்சைக் கோயிலுக்காகக் குடியமர்த்திய நானூறு ஆடல்மகளிர் இருந்த இடம் தளிச்சேரி. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு யாருடையது என்றுகூடக் கல்லில் இருக்கிறது. குடியிருப்பு என்ற பொதுப்பொருளில் இருந்த சொல், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கத்து மக்களுக்கு மட்டும் என்று ஒதுங்கியது. பிற்பாடு காலனி என்ற சொல் வந்தது. ஆங்கிலத்தில் அது வெறும் குடியேற்றம், நம் ஊர்களில் அதுவும் ஒரே பக்கம் சாய்ந்தது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் மக்கள் பிரிந்து வாழும்வரை, புதிதாக எந்தச் சொல்லை வைத்தாலும் அதுவும் சாயும். சொற்களுக்குள்ளேயே இந்தப் பிரிவினை எப்படி நடக்கிறது பாருங்கள்.

இப்போது பலகைக்கு வருவோம்.

தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், அங்கே கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனிப் பேட்டைகளில் வாழ்வதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இதற்கு எவ்வளவு வெறுப்பு தேவை? சதுரங்கப் பலகையில் இரண்டு வகை நாணயங்களை வைத்து நகர்த்திப் பார்த்தார். 1971இல் கட்டுரையாக வந்தது. ஆட்டக் கோட்பாட்டில் அவர் செய்த பணிகளுக்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1971இல், அதே இதழில், ஜேம்ஸ் சகோடா என்பவரும் இதே போன்ற பலகை ஆட்டத்தை வெளியிட்டிருந்தார். அவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் அந்த மக்களைக் கூட்டம் கூட்டமாக முகாமில் அடைத்தபோது உள்ளே இருந்தவர். மனிதர்கள் எப்படிக் குழு குழுவாகப் பிரிகிறார்கள் என்பதை முள்வேலிக்குள் உட்கார்ந்து கவனித்தவர். உலகம் ஷெல்லிங்கை நினைவில் வைத்துக்கொண்டது, சகோடாவை மறந்தது. அவர் பெயர் இந்த மேடையில் ஒருமுறையாவது ஒலிக்கட்டும் என்று சொன்னேன்.

பலகையில் 64 கட்டம். நான்கு மூலைகளையும் காலியாக விடுங்கள். மிச்சம் 60. ஒரு புளியங்கொட்டை, ஒரு சோழி என்று மாற்றி மாற்றி வையுங்கள். நடுவில் இருக்கும் எந்தக் காய்க்கும் சுற்றிலும் எட்டு அண்டை வீடுகள், அதில் நான்கு தன் இனம், நான்கு மாற்றினம். இப்போது காய்களுக்கு ஒரு மனம் கொடுப்போம். ரொம்பக் கறாரான மனம் இல்லை. ஒவ்வொன்றும் சொல்வது இவ்வளவுதான்: "எனக்கு யார்மேலும் வெறுப்பில்லை. என் அண்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்னைப் போன்றவர் இருந்தால் போதும். மீதிப்பேர் யாராக இருந்தாலும் சரி." எட்டுப் பேரில் மூன்று பேர். நம் ஊரில் இப்படிப் பேசுகிறவரைப் பரந்த மனம் என்று பாராட்டுவோம். இந்தப் பலகையில் இப்போது எல்லோருக்கும் திருப்தி. யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. யாரும் தனியாக நகர்ந்து தன் நிலையை மேம்படுத்திக்கொள்ள முடியாத இந்த நிலைக்குச் சமநிலை என்று பெயர்.

இனி கண்ணை மூடிக்கொண்டு 20 காய்களை எடுத்துவிடுங்கள். வேலை மாற்றம், கல்யாணம், சாவு என்று வைத்துக்கொள்ளலாம். காலியான இடங்களில் கைக்கு வந்தபடி ஐந்தை வையுங்கள். 45 காய். சிலருக்கு இப்போது கணக்கு உதைக்கும். அண்டையில் ஏழு பேர், தன் இனம் இரண்டுதான். அந்தக் காய் எழுந்து, மனதுக்குப் பொருந்தும் அருகிலுள்ள காலிக் கட்டத்துக்குப் போகட்டும். அது போனதால் பழைய இடத்தில் அதன் இனத்தானுக்கு ஒருவன் குறைந்தான். போன இடத்தில் மாற்றினத்தானுக்கு விகிதம் மாறியது. அவர்களும் எழுவார்கள். பத்து நிமிடத்தில் ஆட்டம் அடங்கிவிடும். அடங்கியபின் பாருங்கள், புளியங்கொட்டை ஒரு பக்கம் கொத்தாக, சோழி ஒரு பக்கம் கொத்தாக. பெரிய பலகையில் கணினி வைத்து ஓட்டினால், அண்டையில் 30 விழுக்காடு தன்னைப் போன்றவர் போதும் என்று கேட்ட கூட்டம், 70 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். யாரும் கேட்காத பிரிவினை, யாரும் போடாத உத்தரவு.

இதைவிடக் கசப்பான முடிவு ஒன்று 2004இல் வந்தது. ஜுன்ஃபு ஜாங் என்ற பொருளியலாளர், எல்லோருமே சரிபாதிக் கலப்பைத்தான் முதலிடத்தில் விரும்புகிறார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டார். ஒரே ஒரு சிறு சாய்வு மட்டும்: பாதிக்குப் பாதி கிடைக்காவிட்டால், சிறுபான்மையாக இருப்பதைவிடப் பெரும்பான்மையாக இருப்பது கொஞ்சம் பரவாயில்லை. அவ்வளவுதான். நாளடைவில் அந்தப் பலகையும் பிளந்துதான் போகிறது. காரணம் எளிது. கலந்த தெருவில் ஒரு குடும்பம் தற்செயலாக வெளியேறினால் சமன் குலையும், குறைந்த பக்கத்தார் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். பிரிந்த தெருவிலோ, தனியாக உள்ளே வருபவன் ஒற்றைச் சிறுபான்மையாக நின்று, தாங்காமல் திரும்பிவிடுவான். கலப்பு ஒரு தட்டில் உடையும், பிரிவு ஒரு தட்டில் உடையாது. நல்ல மனிதர்கள் நிறைந்த ஊர் தானாக நல்ல ஊராகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளே, இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு நாளைக்கே யாராவது உங்களிடம், "பார்த்தாயா, ஊரும் சேரியும் பிரிந்திருப்பது யார் குற்றமும் இல்லை, விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று சொல்லக்கூடும். அந்த வாயை அடைக்கவும் கணக்கு வேண்டும். ஷெல்லிங்கே தெளிவாக எழுதினார்: பிரிவினைக்குத் திட்டமிட்ட விலக்கு ஒரு காரணம், பணம் ஒரு காரணம், தனிமனிதத் தெரிவு ஒரு காரணம், நான் எடுத்துக்கொண்டது மூன்றாவதை மட்டும் என்று. அவர் நாட்டிலேயே, இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948இல்தான் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் பலகையைப் பாருங்கள். ஷெல்லிங்கின் ஆட்டத்தில் காலிக் கட்டம் எல்லோருக்கும் காலிக் கட்டம். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். நம் ஊரிலோ ஊர்நத்தத்தில் நாற்பது மனை காலியாகக் கிடந்தாலும், சேரியிலிருக்கும் காய்க்கு அது கட்டமே இல்லை. அங்கே புளியங்கொட்டைக்கும் சோழிக்கும் ஒரே விதி. இங்கே ஒருவர் நகர்வதை இன்னொருவர் தீர்மானிக்கிறார். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த சுவரை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்துப் பாதை திறந்தது. வெறும் விருப்பத்தால் விளைந்த பிரிவுக்குச் செங்கல்லும் சிமெண்டும் எதற்கு? தானாகப் பிரியும் காய்களுக்கு நடுவில் யாரும் சுவர் வைப்பதில்லை.

நம் பலகைக்குப் பொருந்தும் கணக்கை இன்னொருவர் போட்டிருக்கிறார். ஜார்ஜ் அகெர்லாஃப், 1976. அவரும் பின்னாளில் நோபல் பெற்றவர். சாதிக் கட்டுப்பாடு ஏன் நிலைக்கிறது என்று அவர் கேட்டார். கட்டுப்பாட்டை மீறுகிறவனை ஒதுக்க வேண்டும் என்பது முதல் விதி. மீறியவனோடு உறவு வைத்திருப்பவனையும் ஒதுக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. பிடி இரண்டாவதில்தான் இருக்கிறது. அது இருக்கும்வரை, அந்தக் கட்டுப்பாட்டில் ஒருவருக்குமே நம்பிக்கை இல்லாமல் போனாலும், எல்லோரும் அதற்குக் கீழ்ப்படிந்து நடப்பார்கள்.

இந்தக் கோட்பாட்டைத் தமிழர்கள் நாம் நான்கு சொல்லில் வைத்திருக்கிறோம்: நாலு பேர் என்ன சொல்வார்கள்? நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வர வேண்டாமா? கடைசியில் தூக்கிக்கொண்டு போகவும் அந்த நாலு பேர்தானே வேண்டும்? அந்த நாலு பேரும் தங்களுக்கு வேறு நாலு பேரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். சுற்றிச் சுற்றி வந்தால், பயத்தைத் தொடங்கிவைத்த முதல் ஆள் யார் என்று தெரியாது.

என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பக்கத்து நகரம் ஒன்றில் என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு வாடகை வீடு தேடினேன். என் தெருவிலேயே ஒரு வீடு காலி. வீட்டுக்காரர் நல்ல மனிதர். முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும் எல்லாம் பேசி முடித்தபின், நண்பரின் சொந்த ஊரைக் கேட்டார். பிறகு, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்புறம் என்னைத் தனியே அழைத்து, "எனக்கு ஒண்ணுமில்லைங்க சார். எதிர்வீட்டுல பெரியவங்க இருக்காங்க. நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நண்பர் ஊருக்கு வெளியே போய்க் குடியேறினார். ஆண்டுகள் கழித்து அந்த எதிர்வீட்டுப் பெரியவரிடமே இதைச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். "நானா? என் மாடியைக்கூட அப்படி ஒரு குடும்பம் கேட்டுச்சு. இவரு மனசு சங்கடப்படுமேன்னுதான் நான் குடுக்கல" என்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபதடித் தெரு. முப்பது ஆண்டு, இருவரும் ஒருவரையொருவர் நாலு பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலில் மூன்றாவது ஆள் நான். என் மௌனத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போனால் இது கரைந்துவிடும் என்று நம் தலைவர்கள் பலர் நம்பினார்கள். அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசியதற்கும் அந்த நம்பிக்கை ஒரு காரணம். நகரங்களில் என்ன நடக்கிறது? இந்தியாவின் ஏழு பெருநகரங்களை வார்டு வார்டாக ஆராய்ந்த திரினா விதயத்தில், காயத்ரி சிங் ஆகிய இருவரும் 2012இல் சொன்னது: ஏழை பணக்காரர் என்ற பிரிவைவிடச் சாதியால் வரும் குடியிருப்புப் பிரிவு அதிகம். அந்த ஏழில் சென்னையும் ஒன்று. நாடு முழுவதும் 15 லட்சம் சிறு குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்ட இன்னோர் ஆய்வு, பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் செறிந்த பகுதிகளில் பள்ளியும் மருத்துவ வசதியும் குறைவு என்று காட்டியது. பிரிந்து வாழ்வது வெறும் மனவருத்தம் இல்லை. குழாய் எங்கே நிற்கும், பேருந்து எங்கே திரும்பும் என்பதை அது முடிவு செய்கிறது. நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 31 பேர், அரியலூரில் ஏறத்தாழ 23 பேர் பட்டியல் சாதியினர். இந்த இரண்டு மாவட்டங்களுக்கு இது ஓரத்துப் பிரச்சினை இல்லை.

அரசும் நல்லெண்ணத்தோடே ஒரு தவறு செய்தது. வீட்டுமனை இல்லாத ஆதிதிராவிட மக்களுக்கு நிலம் எடுத்துக்கொடுக்க 1978இல் தனிச் சட்டமே போட்டார்கள். லட்சக்கணக்கானவருக்குச் சொந்த மனை கிடைத்தது. அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மனை பெரும்பாலும் எங்கே கிடைத்தது? ஏற்கெனவே இருந்த காலனிக்குப் பக்கத்தில், அதன் நீட்சியாக. பலகையில் அரசே காய்களைக் கொத்தாக வைத்தது. கல்வெட்டுக்காரர் போட்ட கோட்டின்மேல் அரசே காரை வீடு கட்டியது.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. கலைஞர் ஆட்சியில் 1997இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் திறந்தது. நூறு வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10, கலந்து கலந்து. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. ராஜராஜன் காலத்துக் கணக்கில் இரண்டு வரியாக இருந்தது, ஒரு வரியானது. சதுரங்கப் பலகையில் காய்களை மாற்றி மாற்றி வைத்தோமே, அதேதான் இது. எனக்கு இந்தத் திட்டத்தின்மேல் பெரிய மரியாதை உண்டு. கணக்கு ஆசிரியனாக ஒரு கவலையும் உண்டு. முதல் வரிசையை அழகாக அடுக்குவது பாதி வேலைதான். இருபது காய்கள் விலகும்போது என்ன ஆகும்?

அந்த மறுபாதியைச் செய்தது சிங்கப்பூர். அங்கே மக்களில் பெரும்பாலானோர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். 1989இல் ஒரு விதி வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு. சீனருக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரருக்கு 25, இந்தியருக்கும் பிறருக்கும் சேர்த்து அன்று 13, 2010 முதல் 15. முதல் ஒதுக்கீட்டுக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு மறுவிற்பனைக்கும் இது பொருந்தும். அதைக் கொண்டுவந்த அமைச்சர் எஸ். தனபாலன், ஒரு தமிழர். இந்த விதியால் சிறுபான்மையினர் சிலர் தங்கள் வீட்டுக்கு வாங்குபவரைத் தேடி அலைய நேர்கிறது, விலையும் குறைகிறது. அது உண்மையான வலி, மறைக்கக் கூடாது. என்றாலும் கலப்பு ஒரு தட்டில் உடையும் பண்டம் என்பதைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் கை கொடுத்த சட்டம் அது.

நம் தெருவுக்கு என்ன செய்யலாம்? அகெர்லாஃப் கணக்கிலேயே வழி இருக்கிறது. மீறுகிறவன் ஒருவனாக இருந்தால் அழிவான். போதிய அளவு பேர் சேர்ந்து மீறினால் கட்டுப்பாடு செத்துவிடும், ஏனென்றால் ஒதுக்குவதற்கு ஆள் மிஞ்சாது. ஒரு தெருவில் வீடு வாடகைக்கு விடுகிற ஐந்து பேர் ஒரு மாலை உட்கார்ந்து, "இனி ஊரில் எந்தப் பக்கம் என்று நாம் யாரும் கேட்பதில்லை" என்று ஒன்றாக முடிவெடுத்தால், அந்தத் தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்விக்கு இடமில்லை. அந்த நாலு பேரும் அந்த ஐந்து பேருக்குள் இருக்கிறார்கள். ஒரே நல்லவரை மட்டும் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று பார்க்காதீர்கள். என் நண்பருக்கு நான் செய்தது அதுகூட இல்லை.

மேசைமேல் பலகை இருக்கிறது. பிள்ளைகள் வந்து ஆடிப் பாருங்கள். முதலில் நான் சொன்ன விதியில் ஆடுங்கள், கொத்துக் கொத்தாகப் பிரியட்டும். காய்களைக் கலைக்காதீர்கள். வை ஹார்ட், நிக்கி கேஸ் என்ற இருவர் 2014இல் கணினியில் செய்து காட்டியதுபோல, அந்தப் பிரிந்த பலகையிலிருந்தே இரண்டாவது விதி ஒன்றைச் சேர்த்து ஆட்டத்தைத் தொடருங்கள்: சுற்றியுள்ள அத்தனை வீடும் தன் இனமாகவே இருந்தாலும் அந்தக் காய் எழுந்துவிட வேண்டும். கொத்தின் நடுவில் இருப்பவைதான் முதலில் எழும். அவை எங்கே போய் உட்காருகின்றன என்று கவனியுங்கள்.